நடைக்கு ஒரு பிணைப்பணம்

தைப்பொங்கல் கழிந்து, புத்தாண்டின் உற்சாகம் அடங்குவதற்குள் நம்மில் பலருடைய நடைக் காலணிகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடுகின்றன. தொடங்கும்போது இருக்கின்ற வீறு தொடரும்போது இருப்பதில்லை என்பதைக் கேலியாகச் சுட்டுவதற்கு 'ஆரம்ப சூரத்தனம்' என்று ஒரு சொல் நம்மிடம் உண்டு. அச்சொல்லுக்கு உடற்பயிற்சியைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. நேயர்களே, இந்த ஆரம்ப சூரத்தனத்தை வெல்வதற்குப் பணத்தைப் பிணையாக வைக்கின்ற ஒரு முறையைப் பற்றி இன்று பேசப்போகிறோம். "வாரத்தில் இத்தனை நாள் நடப்பேன், நடக்காவிட்டால் இந்தப் பணத்தை இழப்பேன்" என்று சொல்லி, முன்கூட்டியே ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவைப்பதுதான் அந்த முறை. கேட்பதற்கு எளிது. செய்து பார்க்கும்போதுதான் அதிலுள்ள நுட்பங்கள் தெரிகின்றன. நியாலாஸில் நாங்கள் சிலர் செய்து பார்த்தோம். ஒருமுறை தோற்றோம், மறுமுறை ஓரளவு வென்றோம். அந்தக் கதையையும் சொல்கிறோம்.

முதலில் தேவை என்ன என்று பார்ப்போம். நியாலாஸ், மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் இருக்கின்ற சிறு ஊர். கிழக்கே பார்த்தால் லேடாங் மலை தெரியும். சுற்றிலும் தோட்டங்கள். பால்மரக் காலத்தில் இங்கே 'உடற்பயிற்சி' என்ற சொல்லுக்கே வேலை இருக்கவில்லை. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக நடந்து, ஒரு நாளைக்கு 400, 500 மரங்களுக்குக் குனிந்து நிமிர்ந்து, பிறகு பாலைச் சேர்த்து, வாளிகளைக் காண்டாவில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தவர்களிடம் போய், "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இன்று அந்த உழைப்பு போய்விட்டது. பால்மரம் செம்பனையாயிற்று. பிள்ளைகள் தொழிற்சாலை வேனில் ஏறி உட்கார்ந்து போய், உட்கார்ந்து வேலை பார்த்து, உட்கார்ந்து திரும்புகிறார்கள். ஆனால் தட்டில் சோறு குறையவில்லை. தேநீரில் கட்டிப் பாலும் குறையவில்லை. உழைப்பு மாறியது, உணவு மாறவில்லை. அதன் விலையை நாம் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு, அதாவது நம் பேச்சு வழக்கில் 'இனிப்பு நீர்', இருப்பது தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது நூற்றுக்கு 31 பேர். மூன்று பேர் உட்கார்ந்து பேசினால் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் இதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. விரல் எடுத்தவர், கண் மங்கியவர், வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வருகின்றவர் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரையாவது காட்ட முடியும்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கின்ற அளவு, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. அதாவது, ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் போதும். இதைக் கிளினிக்கில் எல்லாருக்கும் சொல்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

இரவு ஒன்பது மணிக்கு, சாப்பிட்ட வயிற்றைத் தடவிக்கொண்டு, "நாளை முதல் நடக்கப்போகிறேன்" என்று தீர்மானிக்கின்றவர் ஒருவர். காலை ஐந்தரை மணிக்குக் கடிகாரம் அடிக்கும்போது அதன் தலையில் தட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்கின்றவர் இன்னொருவர். இருவரும் ஒரே ஆள்தான் என்றாலும் இருவருடைய கணக்கும் வேறு. இரவு மனிதருக்கு நடப்பதன் கஷ்டம் தொலைவில் இருக்கிறது. ஆகவே சிறிதாகத் தெரிகிறது. காலை மனிதருக்குக் கஷ்டம் கண்முன் நிற்கிறது. நன்மையோ பத்து ஆண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் இதை நிகழ்காலச் சார்பு என்று அழைக்கிறார்கள். காலை மனிதரை நம்ப முடியாது என்று தெரிந்தால், இரவு மனிதர் என்ன செய்யலாம்? காலை மனிதரின் கையை இரவிலேயே கட்டிப்போடலாம். பிணைப்பணம் என்பது அந்தக் கயிறு.

இது நமக்குப் புதிது என்று எண்ணவேண்டாம். 1951ஆம் ஆண்டு தொடங்கிய ஊழியர் சேமநிதி என்பது என்ன? சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு பகுதியைப் பிடித்து, பெரும்பகுதியை முதுமைக்கென்று பூட்டிவைக்கின்ற ஏற்பாடு. கையில் கொடுத்துவிட்டு, "சேமித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் சேமித்திருப்போம் என்பது நமக்கே தெரியும். தோட்டத் துண்டாடலின்போது, 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டச் சொன்னார். பாட்டாளிகளால் தோட்டம் வாங்க முடியுமா என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. மாதா மாதம் கட்டியே தீரவேண்டும் என்ற கட்டு இல்லாமல், ஆசையை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பணம் சேர்ந்திருக்காது.

அதற்கும் முந்தியது நேர்த்திக்கடன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தருகே வைக்கின்ற வழக்கம் நம் தாய்மார்களிடம் இன்றும் இருக்கிறது. முடிந்துவைத்த காசைச் செலவழிக்க யாருக்கும் கை வராது. மாசி மகத்திற்குச் சன்னாசிமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டவர், விரத நாட்களில் கறிக்குழம்பின் வாசனையைத் தாண்டிப் போகிறார். மற்ற நாட்களில் ஒரு வேளை கறியை விடச் சொன்னால் விடமாட்டார். வேறுபாடு எங்கே இருக்கிறது? வாக்கு வெளியே சொல்லப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். மீறினால் இழப்பு உண்டு. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கள் கதை. நாங்கள் எட்டுப் பேர். லோரி வைத்திருக்கின்றவர் ஒருவர், ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர், தொழிற்சாலைக்குப் போகின்ற பெண்கள் மூவர், இப்படி. எட்டில் நால்வருக்கு இனிப்பு நீர். தோட்டத்துச் சடக்கில் காலையில் அரை மணி நேரம் நடப்பது என்று முடிவு செய்தோம். ஆளுக்கு 30 வெள்ளி போட்டு, ஒரு பழைய மைலோ டின்னில் வைத்து, வயதில் மூத்த தண்டல் அண்ணனிடம் கொடுத்தோம். வராத நாளுக்கு 2 வெள்ளி போகும். போன பணத்தில் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ரொட்டி சானாய் சாப்பிடுவது என்று ஏற்பாடு.

நேயர்களுக்கு இப்போதே ஓட்டை தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. முதல் வாரம் எல்லாரும் வந்தோம். இரண்டாம் வாரம் இருவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரொட்டி கிடைத்தது. மூன்றாம் வாரம் வராதவர், "என் புண்ணியத்தில் சாப்பிடுங்கள்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். தவறியவர் விருந்து கொடுத்தவர் ஆகிவிட்டார்! தண்டல் அண்ணனோ இளகிய மனம் உடையவர். மழை என்றால் மன்னித்தார். இடுப்பு வலி என்றால் மன்னித்தார். தூங்கிவிட்டேன் என்று உண்மையைச் சொன்னவரை உண்மை சொன்னதற்காக மன்னித்தார். ஐந்தாம் வாரம் டின் மட்டும் இருந்தது. நடந்து இளைக்கவேண்டியவர்கள், ரொட்டி சானாய் தின்று ஒரு சுற்று பெருத்ததுதான் மிச்சம்.

எங்கே தவறினோம் என்று யோசிக்கும்போது, மற்ற இடங்களில் முறையாகச் செய்து பார்த்தவர்களின் முடிவுகள் உதவின. அவற்றுள் நமக்கு மிகவும் நெருக்கமானது கோயம்புத்தூரில் நடந்தது. 2016, 2017ஆம் ஆண்டுகளில், நீரிழிவு உள்ளவர்களும் அதன் விளிம்பில் இருப்பவர்களுமாகச் சுமார் 3,200 பேரை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லாரும் நம்மைப்போலத் தோசையும் சோறும் சாப்பிடுகின்ற தமிழ்நாட்டு மக்கள். அவர்களிடம் காலடி எண்ணுகின்ற கருவியைக் கொடுத்து, நாளுக்கு 10,000 அடி நடக்கவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஒரு சாராருக்குக் கருவி மட்டும். வேறு சாராருக்கு, இலக்கை எட்டிய நாளுக்கு 20 ரூபாய் போல, கைப்பேசிக்குப் பணம் ஏற்றிக் கொடுத்தார்கள். இது 12 வாரம் நடந்தது.

கருவி மட்டும் பெற்றவர்கள் நூறு நாளில் ஏறக்குறைய 30 நாள் இலக்கை எட்டினார்கள். பணம் பெற்றவர்கள் ஏறக்குறைய 50 நாள் எட்டினார்கள். நாளுக்குச் சராசரியாக 1,300 அடி கூடுதல். விறுவிறுப்பாக நடந்தால் சுமார் 13 நிமிடம். 20 ரூபாய் என்பது பெரிய பணமல்ல. அந்தச் சிறு பணத்திற்கே இவ்வளவு அசைவு இருந்தது.

ஆனால் அச்சோதனையில் எங்களைக் கவர்ந்தது இன்னொரு பகுதி. சில குழுக்களுக்கு நாட்களைக் கட்டுக் கட்டாக இணைத்துவிட்டார்கள். வாரத்தில் குறைந்தது நான்கு நாள், அல்லது ஐந்து நாள், இலக்கை எட்டினால்தான் அந்த வாரத்துப் பணம். மூன்று நாள் மட்டும் எட்டினால் அந்த மூன்று நாளுக்கும் ஒன்றும் கிடையாது. இது கடுமையான நிபந்தனை. எனினும் இவர்களும் மற்றவர்களுக்குக் குறையாமல் நடந்தார்கள். கொடுக்கப்பட்ட பணமோ குறைவு. அதிலும், பொறுமையில்லாதவர்களிடம், அதாவது இன்றைய சுகத்திற்காக நாளையை விட்டுக்கொடுக்கின்ற இயல்பு உடையவர்களிடம், இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்தது. காரணம் உண்டு. திங்கட்கிழமை நடக்கின்றவர், அன்றைய 20 ரூபாய்க்காக மட்டும் நடக்கவில்லை. திங்கட்கிழமையை விட்டால் வெள்ளிக்கிழமையின் உழைப்பும் வீணாகலாம் என்பதால் நடக்கிறார். "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வதற்கு அங்கே இடம் குறைவு. அதே வேளையில், வாரத்தின் தொடக்கத்திலேயே இரண்டு மூன்று நாள் தவறியவர், இனி நடந்து பயனில்லை என்று அந்த வாரத்தையே விட்டுவிடுகின்ற ஆபத்தும் இதில் இருக்கிறது. எங்கள் கருத்தில், உடல்நலம் ஓரளவு இருப்பவர்களுக்கு நான்கு நாள் கட்டு ஏற்றது. ஐந்து நாள் கட்டு ஆர்வக்கோளாறு.

கோயம்புத்தூரில் கொடுத்தது பரிசு. நாம் பேசுவது பிணை. அதாவது, நம் பணமே போகும். இரண்டில் எது வலியது? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், உடல் பருமன் மிகுந்த 281 ஊழியர்களிடம் இதைச் சோதித்து 2016ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். இலக்கு நாளுக்கு 7,000 அடி, காலம் 13 வாரம். ஒரு குழுவுக்கு, இலக்கை எட்டிய நாளுக்கு 1 டாலர் 40 காசு கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு மாதத் தொடக்கத்திலேயே 42 டாலரை அவர்கள் கணக்கில் எழுதிவிட்டு, எட்டாத நாளுக்கு 1 டாலர் 40 காசு கழித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே தொகைதான். ஆனால் பணமே இல்லாத குழு நூறு நாளில் 30 நாள் இலக்கை எட்டியது. பரிசு பெற்ற குழு 35 நாள். பணத்தை இழந்த குழு 45 நாள். வருகின்ற ஒரு வெள்ளியைவிடப் போகின்ற ஒரு வெள்ளி நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. பசார் மாலாமில் ஐந்து வெள்ளியைத் தொலைத்தவரின் முகத்தையும், ஐந்து வெள்ளி கண்டெடுத்தவரின் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

முழுக்க முழுக்கச் சொந்தப் பணத்தை வைத்த சோதனை ஒன்றும் உண்டு. அது நடைக்காக அல்ல, புகை பிடிப்பதை விடுவதற்காக நடந்தது. 2006ஆம் ஆண்டில் பிலிப்பீன்ஸ் நாட்டின் மின்டனாவோ தீவில், ஒரு வங்கி புகை பிடிப்பவர்களுக்குத் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்தது. ஆறு மாதம் அதில் பணம் போட்டு வரலாம். ஆறு மாத முடிவில் சிறுநீர்ச் சோதனை. புகையிலையின் சுவடு இல்லாவிட்டால் பணம் திரும்ப வரும்; இருந்தால் முழுப் பணமும் தருமத்திற்குப் போய்விடும். வட்டியும் இல்லை. இப்படி ஒரு கணக்கை யார் திறப்பார்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 11 பேர் திறந்தார்கள். வாய்ப்பு அளிக்கப்பட்டவர்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால், அளிக்கப்படாதவர்களைவிட நூற்றுக்கு மூன்று பேர் கூடுதலாகச் சோதனையில் தேறினார்கள். ஓராண்டு கழித்துத் திடீரென்று சோதித்தபோதும் அந்த வேறுபாடு நிலைத்திருந்தது. மூன்று என்பது சிறிய எண் போலத் தோன்றும். ஆனால் திறந்தவர்களே 11 பேர்தான் என்பதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். பிணைப்பணம் எல்லாருக்கும் உரிய மருந்தல்ல. விரும்பி எடுத்துக்கொள்கின்ற சிலருக்கு நல்ல மருந்து.

"இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு" என்று சொல்பவர்களும் உண்டு. சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகின்ற 229 பேரிடம் மூன்று வாரம் நடந்த சோதனையின் முடிவு 2019இல் வெளிவந்தது. பகலில் குடிக்காமல் வந்தால் கூடுதல் பணம் என்று ஒரு வகை. எப்படி வந்தாலும் ஒரே பணம் என்று இன்னொரு வகை. தொகை குறைந்தாலும் பரவாயில்லை, குடிக்காமல் வந்தால் கூடுதல் என்ற வகையையே கொடுங்கள் என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் கேட்டு வாங்கினார்கள். தங்கள் பலவீனத்தை அவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் யார்?

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்தவேண்டும். பணம் செலவழிப்பது வேறு, பணத்தைப் பிணை வைப்பது வேறு. அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகையை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளிவந்தது. மாதத்திற்கு 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள், மாதத்தில் நான்கு முறைக்குச் சற்று மேல்தான் போனார்கள். போகும்போது மட்டும் கட்டியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலர். இவர்களுக்கு விழுந்ததோ 17 டாலருக்கு மேல். "இவ்வளவு கட்டிவிட்டோமே, போகாமல் இருப்போமா" என்று நினைத்துத்தான் கட்டியிருப்பார்கள். ஆனால் கட்டிய பணம் போனாலும் வராது, போகாவிட்டாலும் வராது. ஆகவே அது யாரையும் எழுப்புவதில்லை. நம் வீடுகளில் ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய நடை இயந்திரம் துணி காயப்போடுகின்ற கொடியாக மாறியிருப்பதும் இப்படித்தான். பிணைப்பணம் அப்படியல்ல. அது நடந்தால் திரும்ப வரும், நடக்காவிட்டால் போகும். ஒவ்வொரு காலையும் அது இன்னும் நம்முடையதாகவே நம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்து மறுபடி தொடங்கினோம். டின்னைத் தண்டல் அண்ணனிடமிருந்து எடுத்து, எங்களோடு நடக்காத ஒருவரிடம் கொடுத்தோம். சாலையோரத்தில் ஒட்டுக்கடை வைத்திருக்கின்ற அக்கா அவர். ஐந்து மணிக்கே கடை திறந்துவிடும். நாங்கள் அந்த வழியாகத்தான் போகவேண்டும். யார் போனார், யார் போகவில்லை என்று அவர் சுவரிலுள்ள நாட்காட்டியில் கோடு போடுவார். முதல் வாரமே எங்களில் ஒருவர் போய், "நேற்று மழை, அக்கா" என்று தொடங்கினார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மழைன்னா காலையிலேயே வந்து சொல்லியிருக்கணும், தம்பி. இப்ப வந்து சொன்னா டின்னுக்குக் காது கேக்காது" என்றார். அன்றுதான் எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது. பிணையை வைத்திருப்பவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. நம் கெஞ்சலுக்கு மசியாதவராகவும் இருக்கவேண்டும். கணவன் மனைவியிடமோ, மனைவி கணவனிடமோ டின்னைக் கொடுப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை. ஒன்று மன்னிப்பு வரும், இல்லாவிட்டால் சண்டை வரும்.

அடுத்தது, போன பணம் எங்கே போவது? இதில்தான் நீண்ட நேரம் வாதாடினோம். எங்களுக்குள்ளேயே பகிர்ந்துகொள்ளலாம் என்றார் ஒருவர். வேண்டாம் என்றோம். தோற்றவர் பணத்தை வென்றவர் எடுத்துக்கொண்டால் அது பந்தயம் ஆகிவிடும். பிறர் தோற்கவேண்டும் என்று மனம் நினைக்கத் தொடங்கும். தவிர, சுழற்சி முறையில் ஆளாளுக்குப் பணம் எடுக்கின்ற கூட்டு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்ட ஒன்று. அதன் சாயல்கூட இதில் வரக்கூடாது. கோயில் உண்டியலில் போடலாம் என்றார் இன்னொருவர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உண்டியலில் போட்டால் புண்ணியம் சேருகிறது என்று மனம் ஆறுதல் அடைந்துவிடும். அதிகாலைத் தூக்கமும் கிடைத்து, அம்மன் அருளும் கிடைக்குமானால் யார் எழுந்திருப்பார்? கடைசியில் தண்டல் அண்ணன்தான் வழி சொன்னார். அடுத்த தோட்டத்துக் கால்பந்துக் குழுவுக்குப் பந்து வாங்கக் கொடுத்துவிடலாம் என்றார். எங்கள் பையன்களை ஆண்டுதோறும் தோற்கடிக்கின்ற குழு அது. சபையில் ஒரு நிமிடம் பேச்சே எழவில்லை. அந்த மௌனத்திலிருந்தே அதுதான் சரியான இடம் என்று தெரிந்துகொண்டோம்.

தொகையிலும் ஒரு மாற்றம் செய்தோம். முதல் முறை ஆளுக்கு 30 வெள்ளி என்று சமமாக வைத்தது நியாயம் போலத் தோன்றியது. லோரி வைத்திருப்பவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுப் பணம். கணவரை இழந்து, தனியாகப் பிள்ளைகளை வளர்க்கின்ற சகோதரிக்கு அது நான்கைந்து நாள் மளிகைச் செலவு. அவர் இரண்டு நாள் தவறியதும், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். பணத்தைவிட, எட்டுப் பேருக்கு முன்னால் கணக்கு சொல்லவேண்டியிருந்த கூச்சம்தான் அவரை நிறுத்தியது என்று பின்னால் தெரிந்தது. இது எங்களுடைய குறை, இப்போதும் உறுத்துகிறது. மறுமுறை, ஒவ்வொருவரும் தமக்கு வலிக்கக்கூடிய, ஆனால் அடுப்பைப் பாதிக்காத தொகையைத் தாமே தீர்மானித்து, கடைக்கார அக்காவிடம் தனியாகச் சொன்னால் போதும் என்று வைத்தோம். யார் எவ்வளவு வைத்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. கடன் வாங்கிப் பிணை வைக்கக்கூடாது என்பதும் விதி. அந்தச் சகோதரி திரும்ப வந்தார். அவர் எவ்வளவு வைத்தார் என்று நாங்கள் கேட்டதில்லை.

பிணையை எதன்மேல் வைப்பது என்பதும் முக்கியம். எடை இத்தனை கிலோ குறையவேண்டும் என்று வைக்காதீர்கள். எடை நம் கைப்பிடிக்குள் முழுவதும் இருப்பதில்லை. கெடு நெருங்கும்போது பட்டினி கிடந்தும் தண்ணீர் குடிக்காமலும் எடையைக் குறைத்துக் காட்டத் தோன்றும்; இனிப்பு நீர் உள்ளவருக்கு அது ஆபத்து. நடந்தாரா, இல்லையா என்ற ஒன்றின்மேல் மட்டும் வையுங்கள். அதை நாட்காட்டிக் கோடு சொல்லிவிடும்.

விலக்குகளையும் முன்னதாகவே எழுதிவிடவேண்டும். காய்ச்சல், சாவு, இடி மின்னல் ஆகிய மூன்றும் எங்கள் விலக்குகள். வெறும் தூறல் விலக்கு ஆகாது, குடை இருக்கிறது. ஆனால் இடிமுழக்கத்தில் செம்பனைக் காட்டோரம் நடப்பது பணத்துக்காக உயிரைக் கொடுப்பதாகும். பிணைப்பணம் போகிறதே என்று உடம்பு முடியாதவர் எழுந்து நடப்பதையும் அனுமதிக்கக்கூடாது. நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ வந்தால் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையை இறக்குகின்ற மாத்திரை சாப்பிடுபவர்களும், எப்போது, என்ன சாப்பிட்டுவிட்டு நடப்பது என்று மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளவேண்டும். சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருப்பது நல்லது. சிலிப்பர் போட்டு நடக்கவேண்டாம். கால் மரத்துப்போனவருக்குக் கல் குத்தியது தெரியாது. வீட்டிற்கு வந்ததும் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். இவையெல்லாம் பணத்தைவிடப் பெரிய விஷயங்கள் என்பதால் சற்று அழுத்திச் சொல்கிறோம்.

பணம் நின்றபிறகு என்ன ஆகும்? இந்த முறையின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. அண்டை நாடான சிங்கப்பூரில் 800 ஊழியர்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. காலடி எண்ணும் கருவியோடு ஆறு மாதம் ரொக்கமும் கொடுக்கப்பட்டவர்கள், அந்த ஆறு மாதமும் மற்றவர்களைவிட அதிகமாக நடந்தார்கள். பணம் நின்று இன்னோர் ஆறு மாதம் ஆனதும் அந்த மிகுதி மறைந்துபோயிற்று. பணம் எழுப்பியவரைப் பணம் நின்றதும் தூக்கம் மறுபடி பிடித்துக்கொள்கிறது.

ஆகவே 12 வாரம் முடிந்ததும் நாங்கள் பிணையை அடியோடு எடுத்துவிடவில்லை; கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தபோது, தவறிய நாட்கள் பெரும்பாலும் திங்கட்கிழமைகளாகவும், சம்பளத்திற்கு மறுநாளாகவும் இருப்பது தெரிந்தது. மற்ற நாட்களில் ஒருவரையொருவர் எதிர்பார்ப்பதே போதுமாக இருந்தது. வழியில் ஒருவர் காத்துக்கொண்டு நிற்கிறார் என்றால் எழாமல் இருக்க முடிவதில்லை. பேச்சும் ஒரு பழக்கமாகிவிடுகிறது. ஆகவே இப்போது பிணை அந்தப் பலவீனமான நாட்களுக்கு மட்டும்தான்.

எட்டுப் பேரில் இன்று ஆறு பேர் நடக்கிறோம். ஒருவர் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். இன்னொருவருக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை, தனியாக மாலையில் நடக்கிறார். இனிப்பு நீர் உள்ள நால்வரில் ஒருவருக்கு, சென்ற முறை கிளினிக்கில் மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, கூட்டுவதாக இருந்த மாத்திரையைக் கூட்டாமல் விட்டார்கள். அது நடையால் மட்டும் வந்தது என்று சொல்லமாட்டோம். அவர் தேநீரில் கட்டிப் பாலையும் குறைத்திருக்கிறார். கடைக்கார அக்காவே அதற்கு மறைமுகக் காரணம் என்று கேள்வி. அடுத்த தோட்டத்துக் கால்பந்துக் குழுவுக்கு இதுவரை எங்கள் கணக்கில் ஒரு பந்து போயிருக்கிறது. இரண்டாவது பந்தின் பாதி விலை டின்னில் சேர்ந்து, மூன்று மாதமாக அப்படியே நிற்கிறது.